சிம்கோ ஏரியில் கேட்ட சோமாலியக் கடல்

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டொரொண்டோவுக்கு வடக்கே இருக்கும் சிம்கோ ஏரியில், உறைந்த பனியைத் துளைத்து மீன் பிடிக்கப் போயிருந்தோம். நானும், என்னோடு வேலை செய்யும் ஒரு சோமாலிய நண்பரும்.

ஸ்காபரோவில் ரொட்டி சுடும் ஒரு பாண் ஃபாக்டரியில் இருவரும் ஒரே லைனில் நிற்பவர்கள். நான் யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்தவன். அப்பா கடற்றொழில் செய்தவர். நண்பரும் சோமாலியாவின் வடகிழக்குக் கரையில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர்தான். பேசுவது உடைந்த இங்கிலிஷில் என்றாலும், எங்கள் ஆட்களோடு பழகி ‘மச்சான்’ என்ற சொல்லை அவர் பிடித்துக்கொண்டார். நான் கடலைப் பற்றி எவ்வளவு கதைத்தாலும் அவர் தன் கடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். கன்ரீன் டிவியில் சோமாலியக் கொள்ளையர் கப்பல் பிடித்த செய்தி வந்தால் யாராவது அவரைப் பார்த்து இளிப்பார்கள். அவர் தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே குளிருக்குள் போய்விடுவார்.

காலையில் நான் சாமான்களைக் காரில் ஏற்றும்போதே மனைவி தடுத்தாள். “இளகின பனியில ஏனப்பா போறியள்? கடையில மீன் இல்லையே?” என்றாள். வெயில் வழக்கத்தைவிட இதமாக இருந்தது. அதையே நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

கரையிலிருந்து நன்றாக உள்ளே நடந்துபோய், துளை போட்டு, தூண்டிலை இறக்கிவிட்டு இருந்தோம். எங்கள் முதுகுப் பக்கம் கரை. காற்றும் அந்தப் பக்கமிருந்துதான் அடித்தது. மத்தியானத்துக்குப் பிறகு, பாரம் ஏற்றிய லொறி ஒன்று பழைய பாலத்தில் ஏறியதுபோல ஒரு முழக்கம் காலுக்கடியில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். எங்களுக்கும் கரைக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு. நனைந்த பனியாக்கும் என்று நினைத்தேன். கிட்ட ஓடிப் போய்ப் பார்த்தால் தண்ணீர். நாங்கள் நின்ற பனிப்பரப்பு கரையிலிருந்து பிய்ந்துவிட்டது. காற்று அதை ஏரியின் நடுப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் இடைவெளி ஒரு கார் அகலம்தான் இருக்கும். எனக்கு மூளை வேலை செய்யவில்லை. பாய்ந்துவிடலாம் என்று பின்னால் நாலு அடி வைத்து ஓடினேன். “மச்சான், வேண்டாம்!” என்ற சத்தமும் பின்னாலிருந்து என் ஜாக்கெற் தொப்பியில் விழுந்த இழுவையும் ஒன்றாக வந்தன. இருவரும் மல்லாக்க விழுந்தோம். நான் காலை ஊன்ற இருந்த விளிம்பு கண்ணுக்கு முன்னால் உடைந்து, புரண்டு, தண்ணீருக்குள் போனது. நீந்தத் தெரிந்தவன்தான் நான். ஆனால் அந்தத் தண்ணீரில் சில நிமிடங்களிலேயே கைகால் விறைத்துவிடும்.

அவசர உதவிக்கான 911-க்கு அடித்தேன். ஒரு பெண் பேசினாள். எங்கே நிற்கிறோம், கரையில் என்ன தெரிகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மீட்புப் படகு புறப்படுகிறது, வரக் கொஞ்ச நேரம் எடுக்கும், விளிம்புக்குப் போகாமல் நடுவில் இருங்கள், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே இருங்கள் என்றாள். குளிரில் ஃபோனின் சார்ஜ் கண்முன்னே இறங்கியது. பேசி முடித்ததும் அது செத்துவிட்டது. மனைவிக்குச் சொல்லக்கூட முடியவில்லை. நண்பரின் ஃபோன் காருக்குள்.

கரையோரத்து வீடுகள் சிறுத்துக்கொண்டே போயின. நாங்கள் போட்ட துளைகளின் வழியாகத் தண்ணீர் மேலே வந்து பரவத் தொடங்கியது. பனி அடிக்கடி முனகியது. பிள்ளைகளின் முகம் வந்து வந்து போனது. பேசச் சொன்னாளே என்று வாயைத் திறந்தால் பல்லுத்தான் அடித்தது.

பேசியது நண்பர்தான்.

“நீ ஃபோன் எடுத்தாய். ஒராள் கதைச்சா. ஆட்கள் வருகினம். எங்களுக்கு அப்பிடி ஒரு நம்பர் இருக்கேல்ல மச்சான்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் அவர் தன் ஊரைச் சொல்கிறார் என்று பிடிபட்டது. அவர் சிறுவனாக இருந்த காலத்தில் நாட்டில் அரசாங்கம் விழுந்துவிட்டது. கடலைக் காவல் காக்க ஒருவரும் இல்லை. அது தெரிந்ததும் எங்கெங்கோ நாடுகளிலிருந்து பெரிய மீன்பிடி இழுவைக் கப்பல்கள் வந்து இறங்கினவாம். இரவில் பார்த்தால் கடலுக்குள் ஒரு பட்டினம் எரிவதுபோல வெளிச்சம். கரைக்கு அண்மையிலேயே மீனை வாரினார்கள். ஊர்க்காரர் போட்ட வலைகளை அறுத்துக்கொண்டு போனார்கள். கிட்டப் போன படகுகளுக்குக் கொதிநீர் பாய்ச்சினார்கள். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு கரையில் ட்ரம்கள் ஒதுங்கின.

“நஞ்செண்டு சனம் சொல்லிச்சினம். உண்மையோ பொய்யோ, சோதிச்சுச் சொல்ல ஆர் இருந்தது?”

எங்கள் கடலிலும் இழுவைப் படகுகள் வந்து வலை அறுத்திருக்கின்றன. ஆனால் அப்பாவுக்குப் போய்க் கத்த ஒரு சங்கமாவது இருந்தது. காது கேட்காத அலுவலகம் என்றாலும் ஓர் அலுவலகம் இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். “அதுவும் பெரிய விசயம்தான்” என்றார்.

முதலில் ஊர் மீனவர்கள் தாங்களே படகுகளில் போய்க் கப்பல்களைத் துரத்தினார்களாம். ஒன்றைப் பிடித்து, தண்டம் வாங்கிக்கொண்டு போக விட்டார்கள். அவர்கள் தங்களைக் கடற்காவலர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அவருடைய தம்பியும் அதில் ஒருவன். கப்பலைப் பிடித்தால் காசு வரும் என்ற செய்தி பரவியதும், வலையையே தொட்டறியாத ஆட்கள் பட்டினத்திலிருந்து துவக்கும் தோட்டாவும், செலவுக்கு முதலும் கொண்டு வந்தார்கள். கடல் தெரிந்த தம்பியைப் படகோட்ட வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் மீன்பிடிக் கப்பலைத் தேடவில்லை. எந்தக் கப்பல் மெதுவாகப் போகிறதோ அதுதான் இலக்கு.

எனக்கு அந்தப் பயத்திலும் ஒரு கோபம் வந்தது. “பிடிபட்ட கப்பலில வேலை செய்த ஏழைச் சனம் என்ன பாவம் செய்தது?” என்று கேட்டுவிட்டேன்.

“ஒரு பாவமும் செய்யேல்ல,” என்றார் உடனே. “நானும் அவனிட்ட அதைத்தான் கேட்டனான். ‘நாங்கள் கத்தேக்க ஆர் வந்தது?’ எண்டான். அடுத்த முறை போனவன் திரும்பி வரேல்ல.”

அதைச் சொல்லி முடிக்கவில்லை, எங்களுக்குப் பக்கத்தில் பனி சடாரென்று வெடித்தது. தூண்டில், வாளி, கதிரை எல்லாம் இருந்த பகுதி தனியாகக் கழன்று மிதந்தது. நாங்கள் தவழ்ந்து மறுபக்கம் போய் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தோம். நான் மாதாவைக் கூப்பிட்டேன். அவர் தன் பாஷையில் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

கடைசியில் பெரிய காற்றாடி பூட்டிய தட்டைப் படகு ஒன்று இரைந்துகொண்டு வந்தது. சிவப்பு உடுப்புப் போட்ட இருவர் எங்களைக் குப்புறப் படுக்க வைத்து இழுத்து ஏற்றினார்கள். கரையில் போர்வையும் சூடான தேநீரும் தந்தார்கள். ஒருவரின் ஃபோனை வாங்கி மனைவிக்கு எடுத்தேன். “எங்க நிக்கிறியள்? எத்தின தரம் எடுத்தனான்!” என்றாள். “கரைக்கு வந்திட்டன்” என்றேன்.

நண்பர் தன்னை ஏற்றிய மீட்புப் பணியாளரின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. “நீங்கள் வந்தியள், நீங்கள் வந்தியள்” என்று அழுதழுது திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மனிதர், குளிரில் பிதற்றுகிறார் என்று நினைத்து, முதுகைத் தட்டிக் கொடுத்தார். நண்பர் அழுதது தப்பியதற்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

துவக்கோடு கப்பல் ஏறியவர்கள் செய்தது சரி என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். நண்பரும் சொல்ல மாட்டார். ஆனால் கூப்பிட்டால் வர ஒருவரும் இல்லாத கரையில் பிறந்திருந்தால் நான் எப்படிப்பட்டவனாக ஆகியிருப்பேன் என்ற கேள்விக்கு, அந்தப் பனியில் இருந்து இறங்கிய நாளிலிருந்து, துணிந்து ஒரு பதில் சொல்ல என்னால் முடியவில்லை.