ஞாயிறு ஷிப்ட்

போன ஞாயிறு ஆராதனை நடுவில் கரண்ட் போனது. தலைக்கு மேலே விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்தத் திடீர் அமைதியில் எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் இதே சர்ச். சுண்ணாம்பு வாசனையும் வேர்வையில் வாடிய மல்லிகை வாசனையுமாக இருக்கும். அன்றைய போதகர் ஓய்வுநாளைப் பற்றிப் பிரசங்கித்தார். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குக் கடவுளைவிடச் சம்பளம்தான் பெரிது என்றார். அப்பா அந்த நேரம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் நின்றிருந்தார். ஷிப்ட் முடிந்து வந்தால், சாம்பல் படிந்த சட்டையோடு முழங்காலிட்டு ஜெபித்த பிறகுதான் அவர் தண்ணீரே குடிப்பார்.

அம்மா எழுந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து நேராக நடந்துபோய், சுவரில் இருந்த சுவிட்சுகளை எல்லாம் அணைத்தாள். விசிறி நின்றது. மைக்கும் அடங்கியது.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் போதகர்.

"எங்கூட்டுக்காரரு மாதிரி ஆளுங்க ஞாயித்துக்கிழமை வேலை செஞ்சு வர்ற கரண்டுங்க ஐயா இது. அந்தப் பாவம் நமக்கு வேணாம். நீங்க பேசுங்க, கேட்டுக்கினுதான் இருக்கோம்."

அங்கி நனைய நனைய அவர் பேசி முடித்தார். அதுவரை ஒருவரும் எழுந்துபோய் சுவிட்சைப் போடவில்லை.

போன ஞாயிறு, கரண்ட் திரும்பி வந்து விசிறிகள் மறுபடி சுழன்றன. புதிதாக வந்திருக்கும் இளம் போதகர் கண்ணை மூடி, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார்.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "ஷிப்டுல இருக்கறவங்களுக்கும் ஒரு நன்றி சொல்லிடுங்க ஐயா."