பெய்லியன் படியிறங்கிய காலை

"நான் பேச ஆரம்பிச்சா அவரு நிக்கப் போயிடறாரு. நிக்கறவர்கிட்ட பேசக் கூடாதாம். அப்ப நான் எப்பதான் பேசறது, நீயே சொல்லு."

எங்கள் கட்டடத்தின் ஆறாவது மாடியில் குடியிருக்கும் பெய்லியன் பெரியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் இப்படிக் கேட்டபோது தலையைச் சொறிந்துகொண்டு இறங்கி வந்துவிட்டேன். பிறகு பெரியம்மாவே ஒரு பதிலைக் கண்டுபிடித்தார். அதைத்தான் எழுதுகிறேன்.

'நிற்பது' என்றால் சும்மா நிற்பது அல்ல. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, ஒரு பெரிய பானையைக் கட்டிப்பிடித்ததுபோல் இரு கைகளையும் மார்புக்கு முன்னால் வட்டமாக ஏந்தி, கண்ணைப் பாதி மூடி, அசையாமல் நிற்பது. சிகோங் என்ற சீன மூச்சுப் பயிற்சியில் இதுதான் வேர் என்று அவர் கணவர் லெய் ஷிமிங் சொல்வார். நிற்கும்போது உள்ளே சக்தி சேர்கிறது. யாராவது குறுக்கே பேசினால் அது கலைந்துவிடும். முடிக்கும்போது உள்ளங்கைகளைத் தேய்த்து, முகத்தைத் தடவி, கைகளை வயிற்றின் மேல் வைத்து, சேர்ந்ததை உள்ளே அடக்கிவிட்டுத்தான் அசைய வேண்டும். பாதியில் விட்டால் உடம்புக்கு ஆகாது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பெய்லியனுக்கு மனப்பாடமாகிவிட்ட விதிகள் இவை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று ஆரம்பித்தால் லெய் பால்கனிக்குப் போய்ப் பானையைக் கட்டிப்பிடித்துவிடுவார். மகள் கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டபோதும் பானைதான். ஒருமுறை அவருடைய சொந்த அண்ணனே தொலைபேசியில் காத்திருந்தார். பெய்லியன் கருவியை லெய்யின் காதருகே நீட்டிக்கொண்டு கை வலிக்க நின்றார். லெய் இமையைக்கூட அசைக்கவில்லை. "பொணத்து மேலகூட காத்து பட்டா துணி அசையும்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு பெய்லியனே கருவியை வைத்துவிட்டார்.

ஆனால் லெய்க்கு அதில் இருந்த நம்பிக்கை பொய்யில்லை. இருவரும் எங்கள் ஹெங்யாங் நகரில் ஒரே பிளாஸ்க் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். பெய்லியன் கண்ணாடி உலைக்கு எதிரே, சிமென்ட் தரையில் நாள் முழுக்க நிற்பார். லெய் இயந்திரம் பழுது பார்ப்பார். சின்ன வயதிலேயே லெய்க்கு வயிற்றில் புண் வந்து ரத்தம் கக்கினார். ஊரே மைதானங்களில் கூடி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்த காலம் அது. தொழிற்சாலை முற்றத்தில் லெய்யும் போய் நின்றார். மெல்ல மெல்லத் தேறினார். அன்றிலிருந்து இன்றுவரை, யார் கேட்டாலும் தன்னைக் காப்பாற்றியது நிற்பதுதான் என்று சொல்வார்.

பெய்லியன் அதை மறுப்பதில்லை. ஆனால் அந்த நாட்களில் விடிவதற்கு முன் எழுந்து தினைக்கஞ்சி காய்ச்சி, காரம் ஒரு துளி இல்லாமல் தனியாகச் சமைத்து, லெய்யின் சட்டையில் பட்ட ரத்தத்தை அலசியவர் அவர். "கஞ்சிக்கும் ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவாரு?" என்று சில சமயம் வாணலியிடம் கேட்பார்.

ஓய்வு பெற்றபின் லெய் ஆற்றங்கரைப் பூங்காவில் கற்பூர மரங்களுக்குக் கீழே ஒரு கூட்டத்தைச் சேர்த்துப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் அவரை லெய் வாத்தியார் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் வந்தபிறகு வீட்டில் தும்முவதைக்கூடக் குறைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெய்லியனின் முழங்கால்கள் கெட்டுப்போயின. ஏறுவதைவிட இறங்குவது கொடுமை. முதலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிப் பார்த்தார். பிறகு அதுவும் முடியவில்லை. சீனப் புத்தாண்டான வசந்தப் பண்டிகைக்கு மறுநாள் ஏறி வந்தவர், அதன்பின் இறங்கவேயில்லை. கீழே தெருவில் அரிசி நூடுல்ஸ் கடைக்காரர் கிண்ணம் கழுவும் சத்தம் ஆறாவது மாடிவரை கேட்கும். ஜன்னலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். காய் வாங்குவது லெய்யின் வேலையாயிற்று. முற்றிய முள்ளங்கியும், பூத்துப்போன கீரையுமாக வாங்கி வருவார்.

"இதை யாரு உங்க தலையில கட்டினது?"

"பச்சையா இருந்துச்சு."

"பச்சையா தவளைகூடத்தான் இருக்கு."

வலிக்கு லெய் ஒரு மருந்து வைத்திருந்தார். "உனக்குச் சக்தி கீழ இறங்கல, பெய்லியன். மனசைக் கொண்டுபோய் முழங்கால்ல வை."

"அது அங்கேதான் கெடக்கு. காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் வேற எங்கேயும் போறதில்ல."

"இப்படிப் பேசினா எப்படிக் குணமாகும்?"

இதற்கு நடுவில்தான் லிஃப்ட் பேச்சு வந்தது. எங்களுடையது பழைய தொழிற்சாலைக் குடியிருப்பு. இப்படிப்பட்ட கட்டடங்களுக்கு வெளிப்புறமாக லிஃப்ட் வைக்கலாம் என்று அனுமதி வந்ததும், நான்காவது மாடி ஜோவ் வீடு வீடாக ஏறி இறங்கினார். எங்கள் படிக்கட்டைச் சேர்ந்த எல்லா வீட்டுக்காரர்களும் சம்மதித்தால்தான் வேலை நடக்கும் என்று லிஃப்ட் வைப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். தரைத்தளத்துக்காரர்கள் வெளிச்சம் மறையும் என்று சண்டை போட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்துவதற்குள் ஜோவுக்கு இருந்த கொஞ்ச முடியும் கொட்டிவிட்டது. தூணைத் தள்ளிப் போடுவதாகச் சொல்லி ஒருவழியாக அவர்களையும் இழுத்தார்.

மிச்சமிருந்தது ஒரே வீடு. ஆறாவது மாடி. லிஃப்ட் யாருக்கு எல்லோரையும்விட அதிகம் தேவையோ, அந்த வீடு. வீடு லெய் பெயரில் இருந்தது. லெய் மாட்டேன் என்றார்.

"படி ஏறினா மூச்சு ஆழமாகும். நான் ஜனங்களுக்குச் சொல்லித்தர்றவன். நானே பொட்டிக்குள்ள நின்னு மேல போனா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

கட்டடமே வாயைப் பிளந்தது. ஜோவ் மறுபடி மறுபடி ஏறி வந்தார். அவர் காலடிச் சத்தம் ஐந்தாவது மாடியில் கேட்கும்போதே லெய் பால்கனிக்குப் போய்விடுவார். ஜோவ் நாற்காலியில் உட்கார்ந்து, பெய்லியன் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு, அந்த அசையாத முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அண்ணி, இது எப்ப முடியும்?"

"சக்தி அடங்கினதும் முடியும்."

"அது எப்ப அடங்கும்?"

"நீங்க கெளம்பினதும்."

ஜோவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். "அண்ணி, எதிர்க் கட்டடத்துக்காரங்க எல்லாரும் சம்மதிச்சுட்டாங்க. நாளைக்குள்ள நாம சொல்லலேன்னா லிஃப்ட் அவங்களுக்குப் போயிடும். அப்புறம் நம்ம முறை எப்ப வருமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

லெய் நிற்க ஆரம்பிப்பதற்குள் பூங்காவிலேயே பிடித்துக் கேட்டுவிடுவது என்று பெய்லியன் முடிவு செய்தார். மறுநாள் காலை லெய் பூங்காவுக்குப் போனதும், செருப்பை மாட்டினார். கைப்பிடியைப் பிடித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பின்பக்கமாக ஒரு காலை இறக்கினார். அப்புறம் இன்னொரு கால். ஒவ்வொரு தளத்திலும் நெற்றியைச் சுவரில் வைத்து நின்றார். எங்கள் கதவைக் கடக்கும்போது யாரையோ திட்டிக்கொண்டே போனார். வலியையா கணவரையா என்று புரியவில்லை.

தெருவில் இறங்கியதும் ஒரு கணம் அவருக்குக் கண் கூசியது. எல்லாமே கிட்டத்தில் இருந்தன. நூடுல்ஸ் கடைக்காரர், "அக்கா, உயிரோடதான் இருக்கீங்களா!" என்று கத்தினார். மெல்ல நடந்து பூங்காவை அடைந்தபோது கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பட்டு மாதிரி மினுங்கும் வெள்ளைச் சட்டையில் லெய் ஒலிப்பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் வாயாடியான வான் என்பவர் முதலில் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"அடடே, பெய்லியன் அக்கா! சாங்ஷாலேர்ந்து எப்ப வந்தீங்க?"

"சாங்ஷாவா?"

"மக வீட்டுலதான இருந்தீங்க? பேரன் பின்னாடி நாள் பூரா ஓடறீங்களாம். வாத்தியார் வீட்டுக் காலுன்னா சும்மாவா, இரும்பாச்சேன்னு நாங்கல்லாம் பேசிக்குவோம்."

பெய்லியன் கணவரைப் பார்த்தார். லெய்யும் பார்த்தார். பார்த்த வேகத்தில் ஒலிப்பெட்டியை அமுக்கி, "ஆரம்பிக்கலாம், ஆரம்பிக்கலாம்" என்று முன்னால் போய், பானையைக் கட்டிப்பிடித்துவிட்டார். வாத்தியார் நின்றதும் கூட்டமும் அவசரமாக நின்றது. வானும் பாதி வார்த்தையை விழுங்கிவிட்டுக் கையை ஏந்தினார். 'மனதை அமைதியாக்குங்கள்' என்றது ஒலிப்பெட்டியில் ஒரு பெண்குரல்.

பெய்லியனுக்கு வந்த கோபத்தில் முழங்கால் வலிகூட மறந்துபோனது. அங்கிருந்து எங்கே போவது, திரும்பப் படியேறுவதா? அப்போதுதான் அவருக்கு ஒன்று தோன்றியது. இத்தனை வருஷமாக இந்தக் கதவு மூடியிருக்கிறது என்று நினைத்தோமே, இது மூடின கதவா? இவரால் இப்போது பதில் பேச முடியாது. நடந்து போகவும் முடியாது. இவ்வளவு பேர் முன்னால் பாதியில் கலைக்கவும் முடியாது. இதைவிட நல்ல நேரம் எது?

கல் இருக்கை ஒன்றில், கணவரின் முகத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். கத்தவில்லை. வீட்டில் பேசும் குரலிலேயே பேசினார்.

"நான் சாங்ஷாவுல இல்ல. ஆறாவது மாடியிலதான் இருந்தேன். பண்டிகைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் மண்ணை மிதிக்கறேன்."

'தோள்களைத் தளர்த்துங்கள்' என்றது பெட்டி. லெய்யின் தோள்கள் ஏறின.

"படியை முன்னால பாத்து எறங்க முடியல. திருடன் மாதிரி பின்னாலயே எறங்கி வந்தேன். இவரு கையெழுத்துப் போடலேன்னா இன்னைக்கு லிஃப்ட் எதிர்க் கட்டடத்துக்குப் போயிடும். எனக்கு நடக்க முடியலங்கறதைவிட, வாத்தியார் பொண்டாட்டிக்கு நடக்க முடியலங்கறதுதான் இவருக்குப் பெரிசா போச்சு."

வானின் கைப்பானை குலுங்கியது. பின்வரிசையில் ஒருவர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். யாரும் கையை இறக்கவில்லை. லெய்யின் காதுகள் சிவந்தன.

'உள்ளிருந்து மெல்லப் புன்னகை செய்யுங்கள்' என்றது பெட்டி.

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா" என்றார் பெய்லியன் பெட்டியிடம். பிறகு கணவரிடம் திரும்பினார். அவர் குரல் தணிந்துவிட்டது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க ரத்தம் கக்கிட்டுக் கெடந்தப்ப, யாராவது கேட்டா ஊருக்குப் போயிருக்காருன்னு சொன்னேனா? என் புருஷனுக்கு உடம்பு சரியில்லைன்னுதான் சொன்னேன். வெக்கப்படல."

இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பெட்டி மட்டும் மூச்சை இழுக்கவும் விடவும் சொல்லிக்கொண்டிருந்தது.

முடிக்கும் நேரம் வந்தது. லெய் உள்ளங்கைகளைத் தேய்த்தார். முகத்தைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். எல்லோரும் கைகளை வயிற்றுக்குக் கொண்டுபோன பிறகும் அவர் கைகள் முகத்தைவிட்டு இறங்கவில்லை. கடைசியில் வான்தான் தொண்டையைச் செருமினார்.

"வாத்தியாரே, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. எனக்கும் முழங்கால் வலிதான். சொன்னா, நீ நிக்கற விதம் தப்பும்பீங்களேன்னு சொல்லல."

"எனக்கு இடுப்பு" என்றார் பின்வரிசைக்காரர். "ராத்திரி பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு, காலைல பிச்சுப் போட்டுட்டு வர்றேன். உங்களுக்கு வாசனை தெரியக்கூடாதேன்னு."

"அட, அதான் தினமும் எனக்கு மருந்து நாத்தம் அடிச்சுதா? நான் என் பிளாஸ்திரின்னு நெனச்சேன்!" என்றார் பக்கத்தில் நின்றவர்.

ஆளாளுக்கு ஒரு வலியைச் சொல்ல ஆரம்பித்தார்கள். லெய் நடுவில் நின்று ஒவ்வொருவராகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் வளர்த்த கூட்டம் முழுக்க அவருக்குத் தெரியாமல் நொண்டிக்கொண்டிருந்திருக்கிறது.

வீடு திரும்பிப் படியேறும்போது லெய் பின்னால் வந்தார். மூன்றாவது மாடியில் பெய்லியன் உட்கார்ந்துவிட்டார்.

"காலை மடக்கறப்ப மூச்சை வெளிய விடணும்" என்றார் லெய்.

பெய்லியன் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு மனைவியைத் தாண்டி ஏறி, நான்காவது மாடிக் கதவைத் தட்டினார். ஜோவ் பனியனோடு, வாயில் பல்துலக்கியோடு வந்து, லெய்யைப் பார்த்ததும் நுரையை விழுங்கிவிட்டார்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார் லெய். "ஆனா ஒண்ணு. நான் படியிலதான் வருவேன். லிஃப்ட் அவளுக்கு."

"நீங்க ஜன்னல் வழியா ஏறி வந்தாலும் எங்களுக்குச் சம்மதம், அண்ணே" என்றார் ஜோவ். லெய்யின் மனம் மாறுவதற்குள் பேனாவைத் தேடி உள்ளே ஓடினார்.

கீழே படியில் உட்கார்ந்திருந்த பெய்லியனுக்கு அது கேட்டது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. "இதுக்கு நான் ஆறு மாடி எறங்கணுமா?" என்று அலுத்துக்கொண்டார்.

இலையுதிர்காலத்தில் லிஃப்ட் ஓடியது. இப்போது பெய்லியன் காலையில் கீழே போய் நூடுல்ஸ் கடை வாசலில் உட்கார்ந்து, கடைக்காரரோடு வம்பளந்து, எப்போது தோன்றுகிறதோ அப்போது மேலே வருகிறார். லெய் இன்னும் படியில்தான் ஏறுகிறார். மழைநாட்களில் மட்டும், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, லிஃப்ட் பொத்தானை அமுக்குவதாக ஜோவ் சொல்கிறார். பெய்லியனின் முழங்கால் வலி போகவில்லை. ஆனால் இப்போது அது அவர் பெயரோடு, தெருவில் எல்லோருக்கும் தெரிந்த வலி.

ஒவ்வொரு பழைய கட்டடத்திலும் மேல்மாடி ஜன்னலில் யாராவது ஒருவர் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இதைப் படித்த நீங்கள் இந்தக் கதையை உங்கள் படிக்கட்டில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களையும் அடுத்தவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.