பெட்டிச்சாமி

எங்கள் தோட்டத்தில் ஒரு பொருள் சாமியாவதற்குப் பெரிய தகுதி எதுவும் வேண்டியதில்லை. ஸ்டோரில் தேயிலை அரைக்கிற இயந்திரத்தைக் காக்க ரோதைமுனி இருக்கிறார். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி கையில் படாமலிருக்க ஒரு சாமி, கொழுந்து தழைக்க இன்னொரு சாமி. மலைக்கு ஏறுகிற பாதையில் ஒரு கல் கொஞ்சம் நிமிர்ந்து நின்றால் போதும், அடுத்த வெள்ளிக்கிழமை அதன் நெற்றியில் மஞ்சள் இருக்கும். நானும் இத்தனை காலமாக நிமிர்ந்துதான் நிற்கிறேன். ஒருவரும் ஒரு பூ வைத்ததில்லை.

நான் த்ரீவீல் ஓட்டுகிறவன். சிறுத்தை கண்காணிப்புக் குழுவில் சேர்ந்ததற்குக் காரணம் டீசேர்ட். முன்பக்கம் சிறுத்தையின் முகம் அச்சடித்திருப்பார்கள். எனக்கு வாய்த்தது ஆகப் பெரிய அளவு. போட்டுக்கொண்டால் சிறுத்தையின் வாய் என் தொப்புளுக்குக் கீழே வந்து நிற்கும். அக்கா பார்த்துவிட்டு, "உன்ன முழுசா முழுங்கிட்டுத் தலைய மட்டும் வெளிய விட்டுருச்சுடா தம்பி" என்றாள்.

கண்டியிலிருந்து வரும் ஆராய்ச்சிக்காரப் பெண்ணை நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். மரங்களில் கமரா கட்டி, வந்துபோகிற சிறுத்தைகளைப் புள்ளிகளை வைத்து அடையாளம் காண அவர்தான் கற்றுக்கொடுத்தார். எங்கள் பக்கம் அடிக்கடி வருகிற பெண் சிறுத்தைக்கு நான் துரைசானி என்று பட்டம் வைத்தேன். அந்தக் காலத்துத் துரையின் மனைவி மாதிரி, ரோட்டின் நடுவில், ஒருவருக்கும் வழிவிடாமல் நடப்பாள். இடது கன்னத்தில் உடைந்த வளையல் போல ஒரு புள்ளி.

அவளுக்கு எங்களால் வரக்கூடிய ஆபத்து ஒன்றுதான்: கண்ணி. காட்டுப்பன்றி வந்து மரக்கறித் தோட்டத்தைக் கிண்டிவிடும் என்று ஆட்கள் கம்பியைச் சுருக்குப்போட்டு வைப்பார்கள். பன்றியும் விழும், சிறுத்தையும் விழும். குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச என்னை எழுப்பிவிட்டார்கள். மைக்கைக் கண்டால் எனக்கு வாய் அடங்காது. "கண்ணி வைக்கிறவன் யாரா இருந்தாலும் காட்டிக் குடுப்போம்! என் மச்சானா இருந்தாலும் காட்டிக் குடுப்பேன்!" என்று முழங்கினேன். மச்சான் முன்வரிசையில்தான் இருந்தார். அக்காவின் வீட்டுக்காரர். ஓடைக்கரையில் உருளைக்கிழங்கு போட்டிருப்பவர். எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினார்.

நாங்கள் கட்டிய முதல் கமரா களவு போனது. அடுத்ததைக் கட்டும்போது எனக்கு மூளை வேலை செய்தது. அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை என்பதால் நானே பயந்துபோனேன்.

"சாமிய யாரு மிஸ் களவெடுப்பா?" என்றேன்.

மிஸ் யோசித்துவிட்டு, "ட்ரை பண்ணிப் பாப்போம்" என்றார்.

மலைப்பாதை ஓரத்து மரத்தில் கமராவைக் கட்டி, கண்ணாடியை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் மஞ்சள் பூசினேன். குங்குமம் வைத்தேன். சிவப்புத் துணி சுற்றினேன். கமரா இருக்கும் இடத்தை வெளியில் சொல்லக்கூடாது என்பது குழுவின் விதி. எனவே அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை. கொஞ்ச நாளிலேயே மரத்தடியில் பாதி உருளைக்கிழங்கில் ஊதுபத்தி குத்தியிருந்தது. மெமரி கார்ட்டை எடுத்துப் பார்த்தால் சிறுத்தைகளைவிட மனிதர்கள்தான் அதிகம். கொழுந்துக்குப் போகிற பெண்கள் வரிசையாக நின்று கும்பிடுகிறார்கள். யாரோ கண்ணாடியிலும் திருநீறு பூசிவிட்டதால் சில நாள் படமெல்லாம் வெள்ளையாக வந்தது. எங்கள் ஊர் மூடுபனி பழகிப்போனதால் மிஸ்ஸுக்கே முதலில் சந்தேகம் வரவில்லை.

"அந்தப் பெட்டிச்சாமி கேட்டதக் குடுக்குதுடா தம்பி" என்றாள் அக்கா ஒருநாள். நான் சிரிப்பை அடக்க டீயைக் குடித்து, டீ மூக்கில் ஏறி, அக்கா என் தலையில் தட்டினாள்.

பிறகு ஒரு காலை, மலைக்கு ஏறிய பெண்கள் பறிக்காமலே இறங்கி ஓடிவந்தார்கள். ஓடைக்குப் பக்கத்துத் தேயிலைக்குள் சிறுத்தை மாட்டிக்கிடக்கிறது என்றார்கள். நான் போனபோது கூட்டம் சேர்ந்திருந்தது. கம்பி இடுப்பில் இறுகியிருந்தது. சிறுத்தை சுற்றிச் சுற்றி இழுத்ததில் தேயிலைச் செடிகள் வட்டமாக மொட்டையாகியிருந்தன, கவ்வாத்து வெட்டியது போல. கன்னத்தைப் பார்த்தேன். துரைசானிதான்.

வனவிலங்கு அலுவலர்கள் வந்து மயக்க ஊசி போட்டுக் கம்பியை வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டதாக போன் வந்தது.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சாவு வீட்டில்கூட எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கிறவன் நான். வாயைத் திறந்தேன். "மழ வரும்போல" என்று மட்டும் வந்தது. மழையும் வரவில்லை. அழுகையாவது வருமா என்று பார்த்தேன். அதுவும் இல்லை. காலில் அட்டை ஏறியிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

கூட்டத்தில் மச்சான் என் பக்கத்தில்தான் நின்றார். "பாவம் மாப்ள" என்றார். தொண்டை கட்டியிருந்தது. தடிமன் என்று நினைத்தேன்.

மிஸ் போன் எடுத்து, கமராவில் உள்ள படங்களை நாளை நுவரெலியாவில் அலுவலர்களிடம் கொடுக்கச் சொன்னார். போய் கார்ட்டை எடுத்தேன். அங்கேயே போனில் போட்டுப் பார்த்தேன். பெண்கள், பெண்கள், ஒரு நாய், பிறகு மச்சான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். கவ்வாத்துக்குப் போகும் முன் கத்தியைச் சாமி முன்னால் வைத்து எடுப்போமே, அந்த மாதிரி மரத்தடியில் ஒரு கம்பிச்சுருளை வைத்துவிட்டு, கைகூப்பி நின்றார். அடுத்த படத்தில் துரைசானி.

அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் அடுப்போரம் குந்தியிருந்தார்.

"என்னடா, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு?"

போனை நீட்டினேன். அக்கா மாவுக்கையோடு வாங்கிப் பார்த்தாள்.

"இது எங்க எடுத்தது?"

"பெட்டிச்சாமிகிட்ட."

"யாரு எடுத்தா?"

"பெட்டிச்சாமிதான்."

வேறொரு நாளென்றால் இதற்கு வீடே சிரித்திருக்கும். ரொட்டி கருகியது.

அக்கா போனை மச்சான் பக்கம் திருப்பினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்குக் காட்டாத. நான் பன்னியத்தான் கேட்டேன் மாப்ள. கெழங்கு பூராவும் கிண்டிருச்சு. பன்னி மட்டும் விழணும்னு சொல்லித்தான் வச்சேன்."

"அழிச்சிருடா தம்பி" என்றாள் அக்கா. "ஒத்தப் படந்தானே? இவரு உள்ள போயிட்டா நானும் புள்ளைங்களும் என்னா பண்றது? கூட்டத்துல கத்துனியே, அது சும்மா வாய்தானே?"

"வாய்தான்க்கா."

விரலை அழிக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். அழிப்பது சரி என்றும் படவில்லை, தப்பு என்றும் படவில்லை. விரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

"அழிச்சா மட்டும் என்னா?" என்றார் மச்சான். "அது பாத்துருச்சில்ல."

"அது கமரா மச்சான். மஞ்ச பூசுனதே நான்தான்."

"நீ பூசுன. நாங்க கும்புட்டோமில்ல."

படத்தை அழிக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை மச்சான் என் த்ரீவீலுக்குப் பக்கத்தில் நின்றார். கல்யாண வீட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "நுவரெலியாவுக்குப் போகணும்" என்றார், வாடகைக்கு வந்த ஆள் மாதிரி. எப்போதும் என் சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்காருகிறவர், பின்னால் ஏறி உட்கார்ந்தார். கார்ட் என் காற்சட்டைப்பையில் இருந்தது. அக்கா வாசலுக்கு வரவில்லை.

மச்சானுக்குச் சிங்களம் சரியாக வராது. நான்தான் மொழிபெயர்த்தேன். பன்றியைத்தான் கேட்டார் என்பதையும் விடாமல் சொன்னேன். அலுவலர் எழுதுவதை நிறுத்திவிட்டு, யாரிடம் கேட்டார் என்றார். கமராவிடம் என்றேன். அவர் என் டீசேர்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினார்.

மச்சான் இப்போது பிணையில் இருக்கிறார். வழக்கு நடக்கிறது, முடிவு என்னவென்று தெரியாது. அக்கா என்னோடு பேசுவதில்லை. போனால் டீ மட்டும் வரும், சீனி இல்லாமல். கமராவைக் கழற்றி வேறொரு மலையில் கட்டிவிட்டோம், மஞ்சள் பூசாமல். பழைய மரத்தில் சிவப்புத் துணி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதற்குப் பூ வைப்பது நிற்கவில்லை.

கோர்ட்டுக்குப் போகிற நாட்களில் மச்சானை நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். போன தடவை திரும்பி வரும்போது ரோடே தெரியாத மூடுபனி. லைட்டைப் போட்டு மெதுவாக ஓட்டினேன். பின்னாலிருந்து அவர் பேசினார்.

"எல்லாருக்கும் அந்தப் படத்தக் காட்டுனாங்க மாப்ள. நான்தான் பாக்கல. எப்புடி இருந்தேன்?"

"கண்ண மூடிக்கிட்டு இருந்தீங்க மச்சான்."

"நல்லா மூடியிருந்தேனா?"

"நல்லா."

கொஞ்ச தூரம் போனோம்.

"அது எப்ப வந்துச்சு?"

"அன்னைக்கே, அந்தியில. நீங்க நின்ன எடத்துலதான் நின்னுச்சு. நேரா பாத்துக்கிட்டு."

"அதுவும் என்னத்தையாச்சும் கேட்டிருக்கும்" என்றார் மச்சான்.

இந்த மாதிரிப் பேச்செல்லாம் எங்கள் குடும்பத்தில் நான் பேசுவது. நான் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. தோட்டத்துக்குத் திரும்புகிற முடக்கு வந்தது. ஹார்ன் அடித்துத் திரும்பினேன்.