வகிட்டோரம் ஒரு விரல்

நான் துடைத்தது மூக்கை. அந்தப் பெண் பொத்திக்கொண்டது நெற்றியை. தொண்ணூறுகளில், கோயம்புத்தூர் மருத்துவமனை ஒன்றின் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் நான் நர்ஸாக இருந்தேன். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்தவள் அவள். முப்பது வயதுகூட இருக்காது. சந்தேகத்தில் கணவன் அவள் மூக்கை அறுத்துவிட்டு, அன்றைக்கே தோட்டத்துக் கிணற்றில் விழுந்து செத்துப்போயிருந்தான்.

பெரிய டாக்டர் அவள் நெற்றித் தோலை நாக்குப் போல நீளமாக வெட்டி, புருவத்தருகே மட்டும் காம்பு போல அறுக்காமல் விட்டு, கீழே திருப்பி மூக்காகத் தைத்திருந்தார். அந்தக் காம்பு வழியாகத்தான் புது மூக்குக்கு ரத்தம் ஓடவேண்டும். மூன்று வாரம் கழித்தே அதை அறுக்கலாம். அதுவரை அவள் பார்வையில் கண்ணாடி படாமல் பார்த்துக்கொண்டோம்.

"நெத்தியில ஆரோ தொடறாங்க சிஸ்டர். வகிட்டோரமா, பெருவெரல்ல அழுத்தி மேல இழுக்கறாப்பல."

"நாந்தான் அம்மணி. மூக்கைத் தொடச்சேன்."

"இல்லீங்க. கலியாணத்தன்னைக்கு அவரு குங்குமம் வெச்சது இப்படித்தானுங்க."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "அந்தத் தோலோட நரம்பு இன்னும் அறுபடலைம்மா. மூக்கைத் தொட்டா நெத்தியைத் தொட்ட மாதிரிதான் தெரியும்." அவள் தலையாட்டினாள். கண்ணிலிருந்த பயம் போகவில்லை.

இரண்டாம் வாரம் ஒரு நடுப்பகல். கரண்டு போய் மின்விசிறி நின்றிருந்தது. நான் ஜன்னலோரம் மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"வந்துட்டாருங்க," என்றாள் மெதுவாக.

திரும்பி ஓடிப்போய்ப் பார்த்தேன். நெற்றி முழுக்கக் கட்டு. மூக்கில் ஓர் ஈ இல்லை, ஒரு வியர்வைத் துளி இல்லை. கைகள் இரண்டும் போர்வைக்குள் இருந்தன.

"சீக்கிரம் அறுத்துப்போடச் சொல்லுங்க சிஸ்டர்."

ஆனால் காம்பை அறுப்பதற்கு முந்தின நாள் அவளே என் கையைப் பிடித்தாள். "ஒருக்காத் தொடுங்க." பஞ்சால் மூக்கு நுனியைத் தொட்டேன். கண்ணை மூடியபடி, என்னிடம் அல்லாமல் வேறு யாரிடமோ பேசினாள்.

"நான் ஒரு தப்பும் பண்ணலீங்க. அதைக் கேட்டுப்போட்டுப் போங்க."

அறுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று மறுபடி தொட்டேன். "இப்ப ஒண்ணும் தெரியலீங்க," என்றவள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். நிம்மதிப்படுவாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பின்னால் வந்த நோயாளிகளுக்கெல்லாம் நரம்பு என்றே நானும் சொன்னேன். அது பொய்யல்ல. அந்த நடுப்பகலில் அவள் மூக்கை எதுவும் தொடவில்லை என்பதை மட்டும், ஓய்வு பெற்ற நாள்வரை, டாக்டரிடம் நான் சொன்னதில்லை.