ஜாக்கிக்குக் கட்டிய கயிறு

ஜாக்கியின் கைப்பிடியை இறக்குவதற்கு முன், "புடிச்சிருக்கியா?" என்று தம்பி கேட்பான். மலைப்பாதையில் பதில் சொல்ல ஆள் கிடையாது. இரண்டு மூச்சு பொறுப்பான். பிறகு இரண்டு கைகளாலும் கைப்பிடியை இறுகப் பற்றி, சேற்றிலிருந்து தூக்கிய ஜீப்பைத் துளை துளையாகக் கீழே இறக்குவான்.

தம்பி என்பது அலுவலகத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். வயது நாற்பத்தாறு, மீசையில் நரை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவனுடைய அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் வந்து நின்று, "என் தம்பி எங்க?" என்று நான்கு பேரிடம் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து மேனேஜருக்கும் அவன் தம்பி. அவனைவிடப் பத்து வயது இளைய காவலாளிக்கும் தம்பி.

மலைமேல் இருக்கும் ஏழு செல்போன் டவர்களின் ஜெனரேட்டர்களுக்கு டீசல் கொண்டுபோய் ஊற்றுவது அவன் வேலை. பாதை என்று சொல்வது மரியாதைக்குத்தான். ஒரு மழை பெய்தால் சக்கரம் அச்சுவரை புதைந்துவிடும். அதற்காகவே ஜீப்பின் பின்புறம், உதிரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில், நான்கடி உயர ஜாக்கி நிமிர்ந்து நிற்கிறது. வரிசையாகத் துளை போட்ட இரும்புச் சட்டம், அதில் ஏறி இறங்கும் கொக்கி, நீளக் கைப்பிடி. எடை பதின்மூன்று கிலோ. தராசில் நிறுத்துப் பார்த்ததுதான்.

மற்ற டிரைவர்களின் ஜாக்கி வழியெல்லாம் கடகடவென்று உயிரை வாங்கும். தம்பியின் ஜாக்கி வாயைத் திறக்காது. உரசும் இடங்களில் எல்லாம் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறான். புழுதி போகாமல் கான்வாஸ் உறை. அதையும் அவனே கையால் தைத்தான். தையல் ஒவ்வொன்றும் ஒரே நீளம். வேலை முடிந்ததும் பழைய பல் பிரஷ்ஷை டீசலில் தோய்த்து உள்ளிருக்கும் இரும்பு முளைகளைத் தேய்ப்பான். மண் ஒட்டிய முளை துளைக்குள் முழுதாக இறங்காது. முழுதாக இறங்காத முளை எந்த நேரமும் வழுக்கும்.

மழைக்காலத்தில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு தன் மாடியறைக்கே போய்விடுவான். அறையில் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு நாற்காலி. நாற்காலியில் ஜாக்கி சாய்ந்திருக்கும், தம்பி கட்டிலில் இருப்பான்.

"அதுக்கு ஒரு பொண்ணு பாத்துடவாடா?" என்பாள் அக்கா போனில்.

"மொதல்ல அது சம்மதிக்கணுமே அக்கா."

அக்கா மாலை ஆறு மணிக்கு மேல்தான் பேசுவாள். பகலில் கூப்பிடுவதை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

அதற்கு முன் ஒன்பது வருஷம் தம்பியோடு மலையேறியவர் பேட்டரிக்காரர். டவர்களின் பேட்டரிகளைப் பார்ப்பது அவர் வேலை. ஜீப் புதைந்தால் தம்பி கைப்பிடியை இயக்குவான், அவர் ஜாக்கியின் உச்சியைச் சாயாமல் பிடித்துக்கொள்வார்.

"புடிச்சிருக்கியா?"

"புடிக்காம, ஒன் கல்யாணத்துக்கா வந்திருக்கேன்?"

ஒவ்வொரு முறையும் இதே கேள்வி, இதே பதில். ஒரு நாள் வண்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது தம்பியின் சட்டைப்பையில் போன் அடித்தது. அக்காதான். அவள் வீட்டில் அவன் மறந்து வைத்துவிட்டுப் போன குடையைப் பற்றிச் சொல்லக் கூப்பிட்டிருந்தாள். தம்பி ஒரு கையை எடுத்தான். இறக்கும்போது வண்டியின் கனம் கைப்பிடியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு கைக்கு அது அடங்கவில்லை. பறந்து போய்ப் பேட்டரிக்காரரின் தாடையில் அடித்தது.

ஆறு வாரம் அவர் எதையும் மெல்லவில்லை. பிறகு மச்சானின் கடையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டார். "வீட்டுப் பக்கம் வரச் சொல்லு அவனை" என்று இரண்டு முறை ஆள் சொல்லி அனுப்பினார். இரண்டு முறையும் தம்பி அந்தத் தெருமுனைவரை போய்த் திரும்பினான்.

அந்த மாதமே அலுவலக ஸ்டோரில் பத்தடிக் கயிறு இரவல் வாங்கினான். ஜாக்கியின் உச்சியை ஜீப்பின் கூரைக் கம்பியோடு இழுத்துக் கட்டித் தனியாளாக இறக்கப் பழகினான். அலுவலகம் துணைக்கு அனுப்பிய மூன்று பேரையும் பக்கத்தில் விடவில்லை. பூட்ஸ் குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, "இதைத் தாண்டாதீங்க" என்பான். "வேடிக்கை பாக்கவா வந்தோம்?" என்று மூன்று பேரும் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள்.

ஸ்டோர்காரர் மட்டும் விடாமல் கேட்பார்: "தம்பி, கயிறு இரவல் குடுத்தது. ரெண்டு நாள்னு சொன்னே."

"வரும், வரும்."

இந்த மாதம் மேனேஜர் கூப்பிட்டார். "இனிமே தனியா யாரும் மலைக்குப் போகக் கூடாதுன்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு ஆளைச் சேத்துக்கோ. இல்லன்னா சாவியக் குடுத்துட்டு குடோன்ல உக்காரு."

"குடோன்லயே உக்காந்துக்கிறேன் சார்."

சொல்லிவிட்டு வந்தவன் அன்று சாப்பிடவில்லை. மலையும் ஜீப்பும் போனால் அவனுக்கென்று மிச்சம் அந்த ஒரு நாற்காலி அறைதான்.

வெள்ளிக்கிழமை, அவனுடைய கடைசிப் பயணத்தில், பேட்டரிகளைப் பார்க்கப் புதிதாக வந்திருந்த அம்மா ஏறிக்கொண்டார். ஐம்பது வயது, கனத்த உடம்பு, கையில் பிளாஸ்க். ஐந்தாவது டவருக்குக் கீழே, வளைவில், பின்சக்கரம் புதைந்தது. தம்பி போனை அணைத்து சீட்டுக்கடியில் வைத்தான். கோடு கிழித்தான். மற்றச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தான். அச்சைச் சங்கிலியால் வண்டியின் அடிச்சட்டத்தோடு கட்டினான். கட்டாவிட்டால் வண்டியின் உடம்பு மட்டும் எழும்பும், சக்கரம் சேற்றிலேயே தொங்கும். பலகை போட்டு ஜாக்கியை நிறுத்தி, கயிற்றைக் கட்டி, வண்டியை ஏற்றினான். குழியில் கல்லும் கிளையும் நிரப்பினான்.

"புடிச்சிருக்கியா?"

"யாரைக் கேக்குறீங்க?" என்றார் அம்மா கோட்டுக்கு அப்பாலிருந்து.

தம்பி இறக்கத் தொடங்கினான். நான்காவது துளையில் பலகையின் ஒரு மூலை சேற்றில் அமுங்கியது. ஜாக்கி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. கயிறு கூரைப் பக்கம்தான் இழுக்கும். பக்கவாட்டுச் சாய்வை அதனால் தடுக்க முடியாது. கைப்பிடியை விட்டால் பறக்கும். விடாமல் ஜாக்கியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை.

அம்மா பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டைத் தாண்டினார்.

"கிட்ட வராதீங்கம்மா! தள்ளிப் போங்க!"

"கத்தாதீங்க தம்பி. எங்க நிக்கணும்னு சொல்லுங்க. அங்க நிக்கிறேன்."

ஒன்பது வருஷத்தில் பேட்டரிக்காரரிடம் தம்பி அதைச் சொன்னதே இல்லை. அவர் தோன்றிய இடத்தில் நிற்பார்; இவனும் கவனித்ததில்லை.

"எனக்குப் பின்னால சுத்தி வாங்க. கைப்பிடிக்கு நேரா தல வரக்கூடாது. ஓரமா நின்னு, கைய நீட்டி உச்சியப் புடிங்க. மொகத்தத் திருப்பிக்கோங்க."

"திருப்பிட்டேன்."

"புடிச்சிருக்கீங்களா?"

"புடிச்சிருக்கேன்."

ஒரு துளை இறங்கியது. "புடிச்சிருக்கீங்களா?"

"ம்."

இன்னொரு துளை. "புடிச்சிருக்கீ..."

"ஐயா சாமி, விட்டா நானே சொல்றேன்! நீங்க எறக்குங்க."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது; வெளியே வந்தபோது இருமல்போலக் கேட்டது. சக்கரம் கல்மேல் அமர்ந்தது.

மாலை ஐந்தரைக்கு மேனேஜர் அறை வாசலில் நின்றான். "சாவியா தம்பி?" என்றார் அவர், தலை நிமிராமல்.

"இல்ல சார். ஆறாவது டவரும் ஏழாவதும் பாக்கி இருக்கு. அந்தம்மா திங்கக்கிழமை வரேன்னுருக்காங்க."

பிறகு குழாயடியில் குந்தி உட்கார்ந்து, கயிற்றின் சேறு போகும்வரை கசக்கினான். ஸ்டோர்காரர் பூட்டப் போகும் நேரம். வளையம் வளையமாக, எல்லாம் ஒரே அளவில் சுற்றி, நுனியை உள்ளே செருகி, அவருடைய மேஜைமேல் ஈரத்தோடு வைத்தான்.

"அட, வந்துடுச்சே! அப்ப இனிமே ஜாக்கிய எத வச்சுக் கட்டுவே?"

தம்பியின் இரண்டு கைகளும் கயிற்றின்மேல் அழுந்தியபடி இருந்தன. முதலில் ஒரு கையை எடுத்தான். சற்றுப் பொறுத்து, மற்றதையும்.