சிவப்பு பீரும் மூன்று மூட்டை முளைநெல்லும்

“...குடிச்சிராத மாப்ள, மொதல்ல மோந்து பாரு. என்னா வாசன தெரியுதா?” என்றான் சவரிமுத்து, தம்ளரை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு.

பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த அவன் மகன் ஆறு டப்பா பீர் கொண்டுவந்திருந்தான். வீட்டில் வைத்துக் குடித்தால் சவரிமுத்துவின் பெண்டாட்டி ஆரோக்கியமேரி எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே வெளுத்துவிடும். அதனால் வயலோரத்து மோட்டார் கொட்டகையில் ஒளிந்து உட்கார்ந்திருந்தோம். இந்த வயதில்! ஆனி மாத வெயில். கரன்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

மோந்தேன். தெரிந்தது. தெரியாத மாதிரி ஒரு வாய் குடித்துவைத்தேன். கம்பெனி ஒன்றும் புதிதில்லை. நம்ம ஊர்க் கடையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிற அதே பேர்தான், ‘ஆம்பர் ஏல்’ என்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது. வெல்லம் கரைத்த தண்ணீர் மாதிரி சிவந்த நிறம். முறுகின பாகு போல ஆரம்பித்து, நடுவில் தண்ணீராய் இளைத்து, முடிவில் ஒரு சின்னக் கசப்பு நாக்கின் ஓரத்தில் குந்திக்கொண்டது. ஊருக்கே காய்ச்சுகிற பண்டம் கல்யாண வீட்டு ரசம் மாதிரிதான். குறை சொல்லலாம், வேண்டாமென்று சொல்ல முடியாது.

“நெல்லு மாப்ள. சாக்குல மொள விட்ட நெல்லு. இதையும் தானியத்த ஊறப்போட்டு, மொளகட்டித்தான் காய்ச்சுறானாம். பய சொன்னான்.”

அந்த வாசனையை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இளவயதில் நான் திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால் தலைப்பில் லஸ்கர். மதகு ஷட்டரைத் திறந்து மூடுகிற வேலை. காக்கிச் சட்டையும் இடுப்பில் சாவியும் வந்து இரண்டு வருஷம். காவேரியே என் இடுப்பில் தொங்குவதாக நினைப்பு. ஆபீஸ் ஜீப் டிரைவர் போகிறபோக்கில் சொன்னதை டீக்கடையில் என் வாக்காகவே சொன்னேன்: “வெள்ளிக்கெழம விடியறப்ப வாய்க்கால்ல தண்ணி வந்து நிக்கும். நெல்ல ஊறப்போடு சவரி.”

அவன் போட்டான். புதன்கிழமை மூன்று மூட்டை விதைநெல்லைக் குளத்தில் அமுக்கி, வியாழக்கிழமை எடுத்து வைக்கோல் போட்டு மூடினான். குறுவைக்கு அவனிடம் இருந்த விதை மொத்தமும் அவ்வளவுதான். “விதநெல்லுக்கும் வயித்துப் புள்ளைக்கும் நாள் தள்ளிச் சொல்ல முடியாது” என்பான். வெள்ளிக்கிழமை முளை வந்தது. தண்ணீர் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் தலைப்புக்கு வந்து நின்றான். ஷட்டரையே பார்த்தான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் ஷட்டரை மேலே வரைக்கும் சுற்றித் தூக்கினேன். அந்தப் பக்கம் மணலில் ஒரு நாய் படுத்திருந்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

“கதவத் தொறந்தா ஆச்சா லஸ்கரய்யா? ஊட்ல ஆளு இருக்கணும்ல?” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

சூடு ஏறினால் முளை நீண்டு, விதைப்புக்கு ஆகாமல் போய்விடும். ஊரிலேயே குளிர்ந்த தரை மாதா கோயில் தரைதான். அங்கே நெல்லைப் பரப்பி, நனைத்துப் பிழிந்த சாக்கைப் போர்த்தி, மணிக்கொரு தரம் கையால் தண்ணீர் தெளித்தான். நானும் தெளித்தேன், வேறென்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமைப் பூசையைச் சாமியார் புளியமரத்தடியில் வைத்தார். சாம்பிராணியையும் மீறிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தது இனிப்பும் புளிப்புமான அந்த வாசனை. திங்கட்கிழமை ஒரு கை அள்ளினான். வேரோடு வேர் பின்னி, பாய் மாதிரி மொத்தமும் சேர்ந்து எழுந்து வந்தது. செவ்வாய்க்கிழமை மாட்டுக்குப் போட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நுரைத்துக்கொண்டு தண்ணீர் வந்தது. நான்தான் திறந்துவிட்டேன். கரையில் நின்றிருந்த சவரி இறங்கிக் கால் கழுவிக்கொண்டு போனான். அந்த வருஷம் அவன் வயலில் குறுவை இல்லை. திருப்பூருக்குப் போய் இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தான்.

இப்போது நாற்று தட்டில் வளர்கிறது, மெஷின் நடுகிறது. மாதா கோயிலுக்கு டைல்ஸ் போட்டாயிற்று. ஆனி பிறந்தால் தெருவெல்லாம் கிடந்த வாசனை டப்பாவுக்குள் புகுந்து பெங்களூரிலிருந்து வருகிறது. வாய்க்கால் மட்டும் அன்று போலவே காய்ந்து கிடந்தது.

இத்தனை வருஷம் சொல்லாததை இரண்டாவது தம்ளர் சொல்ல வைத்தது. “அன்னிக்கு நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும் மாப்ள.”

சவரிமுத்து டப்பாக்களைத் தொட்டுப் பார்த்தான். “மிச்ச நாலும் சூடாவுது” என்று எழுந்தான். மூலையில் கிடந்த சாக்கைத் தொட்டியில் முக்கிப் பிழிந்து, டப்பாக்கள்மேல் போர்த்தி, நாலு ஓரத்தையும் செருகிவிட்டான். பிறகு குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி அள்ளி அதன்மேல் தெளிக்க ஆரம்பித்தான்.