டொரண்டோவுலேருந்து எம்புட்டு நேரம்?

திரேஸ்புரத்துல மீன் விக்கிற பொம்பள ஒருத்தி. ஐஸ அள்ளி அள்ளி வெரலெல்லாம் வெளுத்திருக்கும். வெளிநாடு போய் வந்தவன் யாரு வந்தாலும், "டொரண்டோவுலேருந்து இங்கன வர எம்புட்டு நேரம்யா?"ன்னு கேப்பா. மவன் அங்கனதான் இருக்கான். பாசம்னு நெனச்சேன்.

ஒருநா நான் வாங்கினது ஊளி மீனா சாளை மீனா, அது கெடக்கட்டும். வெளிநாட்டுலேருந்து லீவுல வந்து என் கூட வந்த மருமவன்ட்டயும் அவ அதையே கேட்டா. அவன், "ஏரோப்ளேன் மாறி மாறி வரணும், ரெண்டு நாளாவும்"னான்.

அவ மொகம் தெளிஞ்சுட்டு. "நல்லது. எம் மவனோட அப்பன் செத்தப்ப ஐஸ் பெட்டில வச்சு மூணு நாளு காத்துக் கெடந்தோம் அண்ணாச்சி, அவன் வரல. நான் செத்தா ஒரு நாளைக்குள்ள அடக்கிரணும்னு மாதா கோயில் சாமியார்ட்ட சொல்லிட்டேன். என் மொகத்த அவன் பாக்கக் கூடாது. ஐஸு மீனுக்குப் போதும்."

அப்ப மேல ஒரு ஏரோப்ளேன் போச்சு. வெட்டுறத நிறுத்திட்டு, அது மறையிற வரைக்கும் அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தா. எதுக்குப் பாத்தாளோ, எனக்கு இன்னும் பிடிபடல.